ஆடிக்கு முன்னால் ஒரு ஞாயிறு

29-6-2025, ஞாயிறு

பேத்திக்குப் பேர் விடும் நாள் இன்று முடிவாயிற்று. ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, ஆனி 29. பிள்ளை ஜூன் 13-ல் பிறந்தாள். அன்றைக்கு முப்பத்தோராம் நாள். ஜூலை 17-ல் ஆடி பிறந்துவிடும். அதைத் தாண்டினால் ஆவணி வரைக்கும் இந்தப் பக்கத்தில் யாரும் வீட்டு விசேஷத்துக்குத் தேதி குறிக்க மாட்டார்கள். சங்கரன்கோவிலிலிருந்து சம்பந்தியம்மா போனில், "மதினி, ஆடிக்கு முன்னாலயே முடிச்சிருவோம். இன்னும் எத்தன நாளைக்குப் பாப்பா பாப்பான்னே கூப்பிடுதது?" என்றார்கள். எனக்கும் அதுதான் மனசில் இருந்தது.

மருமகனுக்கு மண்டபம் பிடிக்க ஆசை. முகூர்த்த நாளாக வரும் ஞாயிறு என்பதால் தென்காசியில் மண்டபம் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மகள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கிறாள். தையல் போட்ட உடம்பு இன்னும் முழுக்க ஆறவில்லை. மண்டபத்து மேடையில் பட்டுச் சேலையோடு அவளை மூன்று மணி நேரம் உட்கார்த்திவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். வீட்டில் என்றால் நடுவில் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மருமகன் உடனே ஒத்துக்கொண்டார். "அவ சௌகரியம்தான் முதல்ல அத்தே" என்றார். நல்ல பிள்ளை.

1-7-2025, செவ்வாய்

சாரல் விடாமல் விழுகிறது. பிள்ளைத் துணி ஒன்றுகூடக் காயவில்லை. கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டி, காற்றாடியைச் சுற்றவிட்டிருக்கிறோம்.

பிள்ளையைப் பார்க்க ஒரு சித்தி முறை வந்திருந்தார். என்ன நட்சத்திரம் என்று கேட்டார். பூராடம் என்றதும் முகம் சுருங்கிப் போயிற்று. "பூராடம் நூலாடாதும்பாங்க... ம்ம், என்ன செய்ய" என்று மகள் காதுபடவே சொன்னார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "சித்தி, பெத்துப் போட்டு இன்னும் மாசம் திரும்பல. அவ முன்னால நல்ல வார்த்தையாச் சொல்லுங்க" என்றேன். அவருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவள். பூராடமும் மூலமும் ஆயில்யமும் என்று ஜாதகக் கட்டைக் காட்டியே எத்தனை பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் தள்ளிப் போயிற்று என்பதைக் கண்ணால் பார்த்தவள். இதே தமிழ்நாட்டில்தான் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கினார்கள். பெண் என்று வேண்டாமென்றால் கொல்லாதீர்கள், அரசு வைத்திருக்கும் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று ஓர் அரசாங்கம் கெஞ்சவேண்டியிருந்தது. அந்தச் செய்தியை வகுப்பறையில் பெண் பிள்ளைகளை முன்னால் வைத்துக்கொண்டு வாசித்தது மறக்காது. என் மகள் பிறந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அதனால்தான் இவளுடைய தொட்டிலுக்கு நல்ல கூட்டம் வரவேண்டும் என்று நினைக்கிறேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு" என்று யாரும் இந்த வீட்டில் சொல்லக்கூடாது.

அழைப்பிதழில் நட்சத்திரம் போட வேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொல்லியாயிற்று.

3-7-2025, வியாழன்

குற்றாலம் போய் வந்தேன். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முதல் அழைப்பு குழல்வாய்மொழி அம்மனுக்கு. தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். டவுன் பஸ் ஏறினால் பேச ஆரம்பிப்பதற்குள் வந்துவிடுகிறது. ஆனாலும் பிள்ளை பிறந்ததிலிருந்து இன்றுதான் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அடித்த சாரல் உடம்புக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

பேரருவியில் கூட்டம். தண்ணீர் பாதுகாப்பு வளைவுக்கு உள்ளேதான் விழுந்தது. அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் யாரையும் இறங்க விடாது. கோயிலுக்குள் அருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அம்மனுக்குச் சேலை சாத்தக் கொடுத்துவிட்டுக் குறும்பலாவைச் சுற்றி வந்தேன். சம்பந்தர் இந்த ஊருக்கு ஒரு பதிகம், குறும்பலாவுக்கென்று தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். 13-ஆம் தேதிக்கு ஓதுவார் ஒருவரை அழைத்து அந்தப் பலா மரத்துப் பதிகத்தைப் பாடச் சொல்ல வேண்டும். அந்த ஒரு பாட்டு போதும், ஸ்பீக்கர் செட் வேண்டாம்.

வெளியே பழக் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் வந்துவிட்டது. துரியனுக்கு முன்னால் ஒரு சின்ன வயசுத் தம்பதி நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பழம் சாப்பிட்டால் பிள்ளை உண்டாகும் என்று நம்பி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் நகரவில்லை. என் மகளும் கல்யாணமாகி நாலு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தவள். நாங்களும் துரியன் வாங்கிக் கொடுத்தோம். டாக்டரிடமும் கூட்டிப் போனோம். மருந்தும் ஊசியும் வலித்ததைவிட, விசேஷ வீடுகளில் நடந்ததுதான் அவளை அதிகம் வலிக்கவைத்தது. ஒரு தொட்டில் போடும் வீட்டில் இவள் பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டியபோது, ஒரு பெரிய மனுஷி "நீ இரு, பிள்ள பெத்தவங்க தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். எங்கள் கொழுந்தன் மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. அழைப்பு கொடுக்கப் போனால் நிச்சயம் ஏதாவது சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிடுவாள். அவள்தான் பிள்ளைக்குப் பெரியம்மை. அவளைத் தொட்டில் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

5-7-2025, சனி

தவசுப்பிள்ளை வந்து சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு போனார். எண்பது பேருக்கு இலை. காலையில் இட்லி, ரவா கேசரி, வடை. மத்தியானம் சொதி வேண்டும் என்றேன். தேங்காயை அன்றைக்கே உடைத்து மூன்று பால் எடுத்து வைக்கும் சொதி, கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். "சொதி மறுவீட்டுக்குத்தானே ஆச்சி?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சந்தோஷத்துக்கெல்லாம் சொதிதான் என்றேன்.

மகளுக்கு மட்டும் தனியாக உளுந்தங்களி, பூண்டுக் குழம்பு.

தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், மஞ்சப்பை போதும் என்று சொல்லிவிட்டேன். அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், இரண்டு மங்குஸ்தான்.

7-7-2025, திங்கள்

திருச்செந்தூர் கும்பாபிஷேகம். தெருவில் பாதிப் பேர் நேற்றே போய்விட்டார்கள். நாங்கள் டி.வி.யில் பார்த்தோம். நாளைக்கு நெல்லையப்பர் ஆனித் தேர். இந்த வாரம் முழுக்கப் பூ விலை இறங்காது என்று பூக்காரம்மா சொல்லிவிட்டாள். தொட்டிலுக்குப் பூச்சரத்தைக் குறைத்து மாவிலையும் தென்னங்குருத்தும் கட்டலாம் என்று அவளே யோசனை சொன்னாள். அதுவும் அழகுதான்.

பிள்ளையை என் அக்கா குளிப்பாட்டுவதை இன்றைக்கு நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். தாழ்ந்த மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, கணுக்காலுக்கு மேலே பிள்ளையைக் கிடத்துகிறாள். தலை பாதத்தை ஒட்டி வருகிறது. வெந்நீரை முழங்கையில் ஊற்றிப் பார்க்கிறாள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, நெஞ்சிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து விரல் நுனிக்கும் இழுத்துவிடுகிறாள். தண்ணீர் ஊற்றும்போது இடது கையைப் பிள்ளையின் நெற்றியில் குறுக்கே வைத்துக்கொள்கிறாள், கண்ணில் ஒரு சொட்டு போகாது. முன்னெல்லாம் மூக்கில் ஊதுவாள், காதில் எண்ணெய் விடுவாள். செவிலியர் வேண்டாம் என்று சொன்ன அன்றே விட்டுவிட்டாள். சாம்பிராணிப் புகையையும் பிள்ளைப் பக்கம் கொண்டுவருவதில்லை. உரைமருந்துக் கல்லை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் நாக்கில் படக்கூடாது என்பதை எங்களுக்கெல்லாம் அவள்தான் இப்போது சொல்லிக் கொடுக்கிறாள். எழுபத்திரண்டு வயசு. அத்தான் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

குளிப்பாட்டி முடித்துத் துவட்டிக்கொண்டே, "அன்னைக்கு நான் அடுக்களையப் பாத்துக்கிடுதேன், நீ வந்தவங்களக் கவனி" என்றாள். தினமும் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறவள், ஆசீர்வாதம் பண்ணும் அன்றைக்கு மட்டும் அடுக்களையில் நிற்பாளாம். அதை அவள் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பழகிப் போயிருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

9-7-2025, புதன்

சம்பந்தியம்மாவிடம் பேசிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "மதினி, எங்க அக்காதான் பிள்ளையத் தொட்டில்ல போடப் போறா. முதல்ல ஆட்டுதது எங்க கொழுந்தன் மவ" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உங்க அக்கா கை நல்ல கைதான் மதினி. நான் ஒண்ணும் சொல்லல. எங்க வீட்டுப் பெரியவங்க ஏதும் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார்கள். சொல்கிறேன் என்றேன். ஆரத்தி அவர்கள் பக்கத்தில் எடுக்கட்டும் என்று அவர்கள் கேட்டார்கள், தாராளமாக எடுக்கட்டும்.

மகளை மணையில் உட்கார்த்த வேண்டும் என்பதிலும் பேச்சு வந்தது. தையல் ஆறாமல் சம்மணம் போட முடியாது, சாய்வு நாற்காலியில்தான் உட்காருவாள், மணையில் கால் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது பேர். அவர்களுக்குச் சங்கரன்கோவில் கோமதி அம்மன் பேர் வேண்டும். அது மருமகனின் ஆச்சி பேரும்கூட. மகளுக்குக் குழலி என்று வைக்க ஆசை, குற்றாலத்து அம்மனை நினைத்து. கோமதி, குழலி இரண்டையும் காதில் சொல்வது, சான்றிதழில் குழலி என்று பதிவது என்று மகளும் மருமகனுமாகவே பேசி முடித்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் முடிவு. பிறப்புச் சான்றிதழில் பேரை ஒரு வருஷத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. ஆனாலும் உடனே சேர்த்துவிட வேண்டும் என்று மருமகனிடம் சொன்னேன். 2023-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது முதல் பல காரியங்களில் பிறந்த தேதிக்கு அந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம். ஆங்கிலத்தில் ழகரத்துக்கு என்ன எழுத்துப் போடுவது என்பதை இப்போதே ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்த்துவிடுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பிள்ளைக்கு மூன்று சான்றிதழில் மூன்று விதமாகப் பேர் இருந்து, பத்தாம் வகுப்பில் அதைத் திருத்த பெற்றோர் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

11-7-2025, வெள்ளி

செவிலியர் வந்து எடை பார்த்தார், நன்றாக ஏறியிருக்கிறது. பிறந்து முதல் 28 நாள்தான் பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்தான காலம், அதைத் தாண்டிவிட்டாள் என்றார். முப்பது நாள் யாரும் தொடக்கூடாது என்று நம் பெரியவர்கள் வைத்தது தீட்டு என்ற பேரில் வந்தாலும், தாய்க்கும் பிள்ளைக்கும் அது காவலாகத்தான் இருந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருக்கும் என் தங்கை போனில் சொன்னாள், அங்கே சீனர்கள் மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை கொடுத்துக் கொண்டாடுவார்களாம். எதிர்வீட்டு அக்கா தன் பேரனுக்கு ஏழாம் நாளே முடியிறக்கி, அந்த முடியின் எடையுள்ள வெள்ளிக்கு ஆகும் பணத்தைத் தர்மம் செய்து அகீகா விருந்து கொடுத்தார்கள். வெவ்வேறு நாள்தான். ஆனாலும் பிள்ளை தங்கிவிட்டது, வந்து பாருங்கள் என்று ஊரைக் கூப்பிடுவதில் ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த தடுப்பூசி ஆறாம் வாரம். அதுவரைக்கும் கைக்குக் கை மாற்றாதீர்கள், முத்தம் கொடுக்க விடாதீர்கள் என்று செவிலியர் கண்டிப்பாகச் சொன்னார். ஆகையால் திண்ணையில் தண்ணீர்க் குடம், சோப்பு, துவைத்த துண்டு. வருகிறவர்கள் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அட்சதையைத் தலையில் தூவ வேண்டாம், கண்ணில் விழும், பாதத்தில் வைக்கட்டும். சளி, இருமல் இருக்கிறவர்கள் முற்றத்திலிருந்தே வாழ்த்தட்டும். தொட்டில் பக்கம் வராமல் நிற்கவேண்டியவர்கள் இவர்கள் மட்டும்தான்.

கொழுந்தன் மகள் வீட்டுக்கு நானே நேரில் போனேன். நினைத்தது சரிதான், ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இருக்கிறது என்றாள். "நீ வந்து ஆட்டாம தொட்டில் ஆடாது, நான் எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பெரியம்மை, யாராவது ஏதாவது சொன்னா?" என்றாள். "என்னட்ட வந்து சொல்லட்டும்" என்றேன்.

12-7-2025, சனி

மகன் பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து சேர்ந்தான். தாய்மாமன் சீராக வெள்ளி அரைஞாண், கொலுசு, புதுத் தொட்டில் சேலை. மரத் தொட்டில் பரணிலிருந்து இறங்கியது. என் மகனும் மகளும் கிடந்த தொட்டில். சங்கிலியை எண்ணெய் போட்டுத் துடைத்தான். உத்தரத்துக் கொக்கியில் தானே தொங்கிப் பார்த்தான். பிறகு அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, துணி சுற்றித் தொட்டிலில் கிடத்தி ஆட்டினோம். பிள்ளைக்கு முன்னால் குழவியைப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். அவ்வளவு கனத்தைத் தாங்கிய பிறகு மூன்றரைக் கிலோவுக்குப் பயமில்லை.

தகரப் பந்தல் போட்டாயிற்று. சாரல் விழும் சத்தம் அதில் பெரிதாகக் கேட்கிறது.

13-7-2025, ஞாயிறு, இரவு

நல்லபடியாக நடந்தது.

காலையில் முதல் வேலையாக மகளுக்குப் புதுச் சேலை கொடுத்து, பெரியவர்கள் எல்லோரும் அவளுக்குத்தான் முதலில் திருநீறு பூசினோம். ஓதுவார் பதிகம் பாடினார். பிள்ளை அதைக் கேட்டபடி கண்ணை விரித்துக்கொண்டு கிடந்தாள். அக்காவைக் கூப்பிட்டேன். அடுக்களையிலிருந்து வர மாட்டேன் என்றாள். மகளே நாற்காலியிலிருந்து எழுந்தாள். "பெரியம்மா, நீங்க வராட்டா நான் பிள்ளையக் குடுக்க மாட்டேன்" என்றாள். அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினாள். குளிப்பாட்டும்போது பிடிக்கிற அதே பிடி, தலைக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை. தொட்டிலில் கிடத்திவிட்டு நகராமல் அங்கேயே நின்றாள். கொழுந்தன் மகள் சங்கிலியைப் பிடித்து ஆட்டினாள். பிள்ளையின் அத்தை வலது காதில் மூன்று தடவை பேர் சொன்னாள், முதலில் கோமதி, பிறகு குழலி.

சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "இதெல்லாம் புது முறையா இருக்கே" என்றார். நான் தயாராகத்தான் இருந்தேன். "இந்தத் தென்காசிக் கோயிலக் கட்டுன ராஜா கல்வெட்டு வெட்டியிருக்காருல்லா, தெரியுமா?" என்றேன். பராக்கிரம பாண்டியர் 1446-ல் தொடங்கிய கோயில். பின்னால் யார் இந்தக் கோயிலைக் காப்பாற்றுகிறார்களோ அவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனவர். கோபுரம் எரிந்து இடிந்து, மொட்டையாகவே பல வருஷம் நின்றது. 1990-ல் திரும்ப ஒன்பது நிலையும் எழுந்து குடமுழுக்கு நடந்தபோது நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன். இந்த ஏப்ரல் 7-ல் இன்னொரு குடமுழுக்கும் ஆகிவிட்டது. "பிறக்காத பிள்ளைங்க கால்லயே ராஜா விழுந்திருக்காரு மாமா. அவங்க யாரு, கல்யாணம் ஆனவங்களா, புருஷன் உள்ளவங்களான்னு அவரு கேக்கல. யாரு வாழ்த்தலாம், யாரு வாழ்த்தக் கூடாதுன்னு நாம எப்படிச் சொல்லுதது?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார், இரண்டாம் தடவை சொதி வாங்கினார்.

பூராடம் சொன்ன சித்தி வரவில்லை. அவருக்குத் தாம்பூலப் பை கொடுத்தனுப்பினேன்.

சொதி எண்பது பேருக்குப் போட்டது நூறு பேருக்கு வந்தது. மகள் நடுவில் இரண்டு தடவை உள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் முத்தம் கொடுக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தொட்டில் காவல் மாதிரி நின்று பார்த்துக்கொண்டார்கள்.

15-7-2025, செவ்வாய்

பந்தல் பிரித்தாயிற்று. மகன் நேற்று ராத்திரி கிளம்பிவிட்டான். மருமகன் பேர் சேர்க்கும் விண்ணப்பத்தைப் பிறப்புப் பதிவாளர் அலுவலகத்தில் இன்றைக்கே கொடுத்துவிட்டார். எழுத்தை நானும் ஒரு தடவை சரிபார்த்தேன்.

பிள்ளையைக் கோயிலில் உலகம்மன் சன்னதிக்குக் கொண்டு போகவேண்டும் என்று அக்கா சொல்கிறாள். ஆனி, ஆடியில் கோபுர வாசலில் அடிக்கும் காற்று ஆளையே தள்ளும். ஊசி போட்டு, சீசன் காற்று அடங்கட்டும், ஆவணியில் போகலாம் என்றேன். அக்காவும் அதுவரைக்கும் இங்கேதான் இருக்கப் போகிறாள். கொழுந்தன் மகள் காலையில் போன் பண்ணினாள், வெள்ளிக்கிழமை பிள்ளையைப் பார்க்க வரலாமா என்று. தினமும் வா என்று சொன்னேன்.